மூன்றாம் வண்டி: இழுவை

"வண்டி எடை எவ்வளவு சார்?" என்று கயிற்றுக் கடைக்காரர் கேட்டார்.

"எழுபத்தெட்டு கிலோ" என்றார் பரிசோதகர்.

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். சொன்னது தன் எடை என்று பரிசோதகருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூளை இன்னும் வீட்டிலிருந்து கிளம்பவில்லை, வந்ததும் சரியாகச் சொல்கிறேன் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பதற்றம்தான் காரணம். அவர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் பதினொரு வருடமாகத் தரப் பரிசோதகர். லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்கிற ஒரே விஷயத்தை நாற்பது பக்கத்துக்கு எழுதக்கூடியவர். அலுவலக நண்பர்கள் ஜீப் எடுத்துக்கொண்டு மலைக்காட்டுக்குப் போகாத விடுமுறை கிடையாது. அவரைக் கூப்பிட்ட விடுமுறையும் கிடையாது. போன மாதம் பழைய ஜீப் ஒன்றை வாங்கி அலுவலக வாசலிலேயே நிறுத்தினார். வேறு வழியில்லாமலோ என்னவோ, இந்தத் தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

வரவேற்பில் புதிதாகச் சேர்ந்த பெண் பட்டியல் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தாள். முதல் வண்டி: வழிகாட்டி. இரண்டாம் வண்டி: அண்டா. மூன்றாம் வண்டி: இழுவை.

மூன்றாவது வண்டி அவருடையது என்று மேனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆக, முதல் வண்டி வழி காட்டும், இரண்டாவது சமையல் பாத்திரம் கொண்டுவரும், சேற்றில் மாட்டுகிறவர்களை இழுத்து வெளியே எடுப்பது இவர் பொறுப்பு. தன்னை நம்பி இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்திருக்கிறார்களே என்று பட்டியலை இன்னொரு தடவை படித்தார். இதில் சொதப்பினால் இன்னொரு பதினொரு வருடம் கேண்டீனில் தனியாகத்தான் சாப்பிட வேண்டும்.

வண்டி எடையைப் போல மூன்று மடங்கு தாங்கும், ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும் கயிறு ஒன்றைக் கடைக்காரர் கொடுத்தார். வீட்டில் மனைவி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதை வண்டியில எங்க மாட்டுவீங்க?"

அதை அவர் யோசிக்கவில்லை. மெக்கானிக்கிடம் ஓடினார். மெக்கானிக் ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கயிறு மாட்டுற மாதிரி ஒரு இடம்கூட இல்ல சார். இந்த பம்பர்ல மாட்டி இழுத்தீங்கன்னா பம்பர் மட்டும்தான் வீட்டுக்கு வரும்."

இரும்பு பம்பர் போட்டார்கள். அத்தனை பலமான பம்பரை மொட்டையாக விடுவானேன் என்று கம்பி சுற்றி இழுக்கும் வின்ச் ஒன்றை அதில் ஏற்றினார்கள். வின்ச் பாரத்தில் ஜீப் மூக்கு கவிழ்ந்தது, ஸ்பிரிங்கை மாற்றினார்கள். வின்ச் குடிக்கும் மின்சாரத்துக்கு இரண்டாவது பேட்டரி வந்தது. பிறகு மண்வெட்டி, ஆளுயர ஜாக்கி, சக்கரத்துக்கு அடியில் போட நான்கு தகடு, தகடு வைக்கக் கூரையில் ஒரு கம்பிக் கூண்டு. எல்லாம் முடிந்து எடை மேடையில் ஏற்றினால், ஜீப் அரை டன் கூடியிருந்தது. வாங்கிய கயிறு இப்போது இந்த வண்டிக்குப் போதாது.

அவரைப் பார்த்ததும் கடைக்காரர், "இப்ப எத்தனை கிலோ சார்?" என்றார். பரிசோதகர் பம்பரிலிருந்து ஆரம்பித்தார். வின்ச் வரைக்கும் வந்தபோது கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார்.

யாராவது மாட்டிக்கொண்டால் எல்லாரும் இறங்கித் தள்ளினால் போதாதா என்று மனைவி கேட்டாள். ஏன் போதாது என்று அவர் விளக்கினார். விளக்கம் முடிவதற்குள் மடிக்க வேண்டிய துணியெல்லாம் தீர்ந்துபோய், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மற்ற வண்டிகளில் இடமில்லாததால் வரவேற்புப் பெண் இவர் ஜீப்பில் ஏறினாள். காட்டுப் பாதை தொடங்கும் இடத்திலேயே கொஞ்சம் சேறு. முதல் வண்டி போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது, தன் அத்தனை பாதுகாப்புச் சாமான்களோடும் நிதானமாக அச்சு வரைக்கும் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

வின்ச் கம்பியைக் கட்ட எட்டுகிற தூரத்தில் ஒரு மரம்கூட இல்லை. கயிறு எல்லாச் சாமானுக்கும் அடியில் இருந்தது. அதைத் தோண்டி எடுத்து, எப்படிக் கட்ட வேண்டும் என்று சேற்றில் நின்றபடி அவர் விளக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம் முன்னால் போன இரண்டு வண்டிகளும் திரும்பி வந்து சேர்ந்து இழுக்க, ஜீப் வெளியே வந்தது.

"இழுக்க வந்தவனையே நீங்க இழுக்க வேண்டியதாப் போச்சு" என்றார் பரிசோதகர், முகத்துச் சேற்றை வழித்துக்கொண்டே.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பதினொரு வருடத்தில் அவர் சொன்னதற்கு நண்பர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார் பக்கத்திலிருந்த வரவேற்புப் பெண்ணிடம். "ஆபீஸ்ல எத்தனையோ பேர் இருக்காங்க. இழுவைப் பொறுப்பை என்னை நம்பி எழுதினீங்களே, எப்படித் தோணுச்சு?"

அவள் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

"பொறுப்பா? நான் புதுசு சார், எல்லாரும் கூப்பிடுற பேரைக் கேட்டுத்தான் எழுதினேன். ஏன், அது உங்க பேரு இல்லையா?"