மூன்றாவது மனைவியும் இறுகிப்போன சுருட்டுகளும்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, மருந்துக்கடைக்காரரின் மூன்றாவது மனைவி விஷப் புட்டியைக் கையில் எடுத்த அதே நிமிடத்தில், நாற்பது சுருட்டுகள் 'இறுக்கம்' என்ற சீட்டோடு திரும்பி வந்தன.

மனைவியும் புட்டியும் புத்தகத்தில் இருந்தார்கள். சுருட்டுகள் நியேவெஸின் கையிலிருந்த தட்டில் இருந்தன. இடம், பினார் தெல் ரியோ என்ற ஊரில் ஒரு சுருட்டுத் தொழிற்சாலை.

மேடையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் வெனான்சியோ. சுருட்டு சுற்றுகிறவர்களுக்குக் கைக்கு வேலை உண்டு, காதுக்கு இல்லை. அதனால் முதலில் செய்தித்தாளும் பிறகு நாவலும் படித்துக் காட்ட ஓர் ஆள். அந்த ஆளை நிர்வாகம் நியமிப்பதில்லை. சுற்றுகிற அறுபது பேரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதினெட்டு வருடமாக ஜெயித்து வரும் வெனான்சியோவுக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. ஒருமுறை இலை சுற்றிப் பார்த்தார். வந்தது சுருட்டு மாதிரியும் இல்லை, வாழைப்பழம் மாதிரியும் இல்லை.

"இன்னொரு தட்டா?" என்று முதல் பெஞ்சு ஒப்துலியா கத்தினாள். "முப்பத்தோரு வருஷமா சுத்தறேன். என் சுருட்டு இறுக்கமா?"

"மெஷின் சொல்லுதுக்கா, நான் என்ன பண்ண?" என்று நியேவெஸ் தட்டை வைத்தாள்.

நியேவெஸ் போன மாதம் வரை அதே பெஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தவள்தான். புதிதாகக் கண்ணாடி அறை கட்டி, இழுப்புச் சோதனை இயந்திரம் வாங்கி, அவளை அதற்குப் பொறுப்பாக்கிவிட்டார்கள். மேலிலை சுற்றுவதற்கு முன் ஒவ்வொரு சுருட்டையும் இயந்திரத்தின் வாயில் சொருகுவாள். அது உறிஞ்சும், முள் ஆடும். சரியில்லாததை அவளே கொண்டுவந்து திருப்பித் தர வேண்டும். சுற்றியவர் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும்.

மதியம் மேலாளர் அர்செனியோ வெனான்சியோவைக் கூப்பிட்டார். மேசையில் பெரிய வரைபடத்தாள் கிடந்தது.

"உட்காருய்யா. இந்தச் சிவப்புக் கோடு திரும்பி வந்த சுருட்டு. நீலக்கோடு உன் கதை. இங்க ஏறுது பாரு, அது என்ன?"

"மருந்துக்கடைக்காரர் செத்தது, தலைவரே."

"இது?"

"ரெண்டாவது மனைவி சமையக்காரி மேல சந்தேகப்பட்டது."

"புரியுதா? நீ கொலையப் படிக்கிறே, அவங்களுக்கு விரல் இறுகுது. விரல் இறுகினா இலை இறுகுது. அதை வாயில வச்சு இழுத்தா கன்னம்தான் வலிக்கும், புகை வராது. சனிக்கிழமை கப்பல். வெள்ளிக்குள்ள ஆர்டர் முடியலேன்னா மேடையைப் பிரிச்சுட்டு அங்க ரேடியோ வச்சிருவேன்."

ரேடியோ என்றதும் வெனான்சியோ விறுவிறுவென்று வெளியே வந்தார். பதினெட்டு வருடக் குரலை ஒரு பெட்டிக்கு விட்டுக்கொடுப்பதா? புதன்கிழமையே கொலையை ஓரங்கட்டிவிட்டு ஒரு சிரிப்புக் கதையை எடுத்தார். முடிதிருத்துகிறவர் ஒருவர் தவறிப்போய் பேராயரின் மீசையில் பாதியைச் சிரைத்துவிடுகிற கதை. கூடமே குலுங்கிச் சிரித்தது. இலை வெட்டும் அரைவட்டக் கத்தியால் பலகைகளைத் தட்டித் தட்டி ஆரவாரம் செய்தார்கள். எங்கள் சுருட்டுக்கூடங்களில் அதுதான் கைதட்டல்.

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. நியேவெஸ் இரண்டு தட்டுகளோடு வந்தாள்.

"இப்ப என்ன?" என்றார் ஓடி வந்த அர்செனியோ.

"தொளதொளன்னு இருக்கு, தலைவரே."

அர்செனியோ தலையில் கைவைத்தார். "சிரிச்சுச் சிரிச்சு விரல் தளர்ந்துருச்சு! தளர்ந்த சுருட்டு சூடேறி நாக்கைச் சுடுமேய்யா! ஏன் வெனான்சியோ, அழவும் வைக்காம சிரிக்கவும் வைக்காம எதையாவது படிக்கத் தெரியாதா உனக்கு?"

தெரியும். வியாழக்கிழமை காலை வெனான்சியோ வேளாண் துறையின் 'புகையிலை நாற்றங்கால் பராமரிப்பு, பாகம் இரண்டு' என்ற வெளியீட்டைப் பிரித்தார். நாற்பத்தேழாம் பக்கத்தில் நீலப்பூஞ்சை வந்தது. நாற்பத்தெட்டாம் பக்கத்திலும் அதுவேதான். பின்பெஞ்சில் ஒருவர் இலைக்கட்டில் தலைவைத்துக் குறட்டை விட்டார்.

ஆனால் கண்ணாடிக் கதவு திறக்கவே இல்லை. மதியம் வரை ஒரு சுருட்டு கூடத் திரும்பவில்லை.

அர்செனியோ வெனான்சியோவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "மகராசா! இதையே படி. எத்தனை பாகம் இருக்கு?"

"ஒன்பது."

"ஒன்பதையும் படி!"

அவர் போனதும் ஒப்துலியா எழுந்தாள். தன் கத்தியைத் தூக்கித் தரையில் போட்டாள். பக்கத்துப் பெஞ்சும் போட்டது. அறுபது கத்திகள் கணகணவென்று விழுந்தன. படிக்கிறவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் எங்கள் ஊரில் கிடையாது. வெனான்சியோவின் வாழ்நாளில் இது முதல்முறை. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இங்க பாரு கண்ணு," என்றாள் ஒப்துலியா, "விஷம் வச்சது யாருன்னு நாளைக்குள்ள எங்களுக்குத் தெரியணும். இல்லேன்னா நாளைக்குச் சாயங்காலம் ஓட்டெடுப்பு. என் தங்கச்சி மகனுக்குக் குரல் நல்லா இருக்கும்."

"அவனுக்குத் திக்குமேக்கா!"

"கதை நீளமா வரும். நல்லதுதான்."

இந்தப் பக்கம் ரேடியோ, அந்தப் பக்கம் திக்குவாய். வெனான்சியோ மூளையைக் கசக்கினார். மதியம் நாற்றங்கால் அட்டைக்குள் நாவலைச் சொருகிக்கொண்டு மேடையேறினார். குரலை மட்டும் வேளாண் துறைக் குரலாகவே வைத்துக்கொண்டார்.

"நீலப்பூஞ்சை தாக்கிய நாற்றை உடனே அகற்றவும். அதே சமயம் மூன்றாவது மனைவி சன்னலைச் சாத்தினாள். பாத்திகளுக்கிடையே ஓரடி இடைவெளி விடவும். அந்த இடைவெளியில் ஒரு நிழல் தெரிந்தது."

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மறுபடி தூங்கிப்போயிருந்தவர் எழுந்தார். ஒப்துலியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கால்மணி நேரத்தில் கண்ணாடிக் கதவும் திறந்தது. நியேவெஸ் மூன்று தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, எங்கே சிந்திவிடுமோ என்பதுபோல் மெல்ல மெல்ல நடந்து வந்தாள். பின்னாலேயே அர்செனியோ வந்து மேடையேறி அட்டையை விலக்கிப் பார்த்தார்.

"எந்த நாற்றுக்குய்யா மூணாவது மனைவி?" என்றார். குரல் உயரவே இல்லை. அதுதான் வெனான்சியோவைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை மதியம். ஆர்டரில் இன்னும் முந்நூறு பாக்கி. மேடைக்கு இடப்பக்கம் அர்செனியோ பாகம் மூன்றோடு நின்றார். வலப்பக்கம் ஒப்துலியா கத்தியைத் தரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் நாற்காலி போவது உறுதி. போகிற நாற்காலியில் உட்கார்ந்து நாற்றங்காலா படிப்பது? வெனான்சியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாவலின் கடைசி அத்தியாயத்தைத் திறந்தார்.

அன்று அவர் படித்த மாதிரி வாழ்நாளில் படித்ததில்லை. மூன்றாவது மனைவியாக அழுதார், இன்ஸ்பெக்டராக இருமினார், கதவாகக் கிறீச்சிட்டார். பாகம் மூன்றைத் தான் கீழே வைத்ததை அர்செனியோவே கவனிக்கவில்லை. நியேவெஸ் தட்டும் கையுமாகப் போவதும் வருவதுமாக இருந்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, ஒரு முழுத் தட்டோடு கூடத்தின் நடுவில் நின்றாள். விஷம் வைத்தவன் தபால்காரன் என்று தெரிந்ததும் அறுபது கத்திகளும் பலகையில் இடித்த இடியில் சுவரிலிருந்த கடிகாரம் நின்றுபோயிற்று.

சத்தம் அடங்கியதும்தான் அர்செனியோவுக்குத் தன் வேலை நினைவுக்கு வந்தது. நியேவெஸின் தட்டைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"ஐம்பது! போச்சு, ஆர்டர் போச்சு! இறங்குய்யா கீழே! எவ்வளவு இறுக்கம்னு உங்க எல்லாருக்கும் நானே காட்டறேன்!"

தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, நுனி கடித்து, தீக்குச்சி உரசிப் பற்றவைத்தார். கன்னம் குழிய இழுக்கத் தயாராக இருந்தவருக்கு, லேசாக இழுத்ததுமே புகை வாய் நிறைய வந்தது. திகைத்துப்போய் இன்னொரு தடவை இழுத்தார். முதலில் மழை பட்ட மண் வாசனை. பிறகு வறுத்த காப்பிக்கொட்டை. அப்புறம் தேன் தடவினது போல ஓர் இனிப்பு நாக்கின் ஓரத்தில் தங்கியது. கோபமாக இருக்கிறோம் என்பதையே மறந்து கண்ணை மூடிக்கொண்டார். நெருப்பு கோணாமல் வட்டமாக எரிந்து, சாம்பல் வெள்ளையாக உதிராமல் நின்றது. கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

கண்ணைத் திறந்து இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

"நியேவெஸ், இது அருமையா இழுக்குதே! என்ன கோளாறு இதுல?"

நியேவெஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு கோளாறும் இல்ல, தலைவரே. அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து எல்லார் முகமும் தெரியுது, ஆனா மெஷின் இரைச்சல்ல கதை ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குது, தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாத்தான் கேக்க முடியுது."