முப்பத்தாறு கம்பியும் ஒரு பூசணிக்காயும்

மோதி பாக், புது தில்லி
நவம்பர் 15, சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் ஜெயபால் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் இஸ்ரவேல் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. பாளையங்கோட்டையில் நீங்களும் அக்காவும் சளி, மூட்டுவலி எதுவும் அண்டாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இங்கே நான் சுகம். மகள் ஹெலன் சுகம். என் சைக்கிள் நேற்று முன்தினத்திலிருந்து சுகம். உங்கள் தங்கை மரியபுஷ்பமும் சுகம்தான். உப்பு, காபி, குழாய்த் தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதைப் பற்றியும் ஐந்து வாரமாக என்னோடு பேசாததை வியாதியில் சேர்க்காவிட்டால்.

புதன்கிழமை போன் பண்ணி, "என்ன மச்சான், எந் தங்கச்சிய நடுரோட்டுல தள்ளிவிட்டீராமே" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் போனை வைத்ததைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீங்கள் எடுத்துக்கொண்டதாகக் கேள்வி. மச்சான், முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்காரில் இருந்தவன் நான். எதையும் எழுத்தில்தான் சொல்லுவேன். ஆகையால் கேளுங்கள். ரோட்டில் விழுந்தது சக்கரம் மட்டுமே. உங்கள் தங்கை விழவில்லை. இறங்கினாள்.

நான் ரிடையர் ஆனதும் வீட்டில் உட்கார்ந்து எல்லாரையும் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று ஹெலன் ஒரு சைக்கிள் வாங்கித் தந்தது உங்களுக்குத் தெரியும். ஆபீஸ், மார்க்கெட், மண்ரோடு, எல்லாத்துக்கும் ஆகும் என்கிற ஜாதி. பிரேக் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்காது. நடுவில், ஹப் என்கிற அச்சுக் குடத்தின் பக்கத்தில், ஒரு இரும்புத் தட்டு சுற்றும், அதைப் பிடிக்கும். நான் அதற்கு ஒரு கேரியர் மாட்டினேன். ஏனென்றால் நாங்கள் தில்லிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முப்பத்தெட்டு வருஷமாக உங்கள் தங்கை என் கேரியரில் உட்கார்ந்துதான் கோயிலுக்கு வந்திருக்கிறாள். கையில் பாட்டுப் புத்தகம், வாயில் எனக்கான புத்திமதி. அது எங்கள் வழக்கம். ஆனால் வண்டியின் பின் சக்கரத்தை எண்ணிப் பார்த்தேன், கம்பி இருபத்திநாலு. அன்றைக்கே எனக்குச் சந்தேகம். அதனால் சும்மா இருக்கவில்லை. இண்டர்நெட்டில் பார்த்து நானே கற்றுக்கொண்டு, கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் ஸ்போக் சாவி ஒன்று வாங்கி, தினம் சாயங்காலம் கம்பிகளைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். கம்பியை விரலால் சுண்டினால் ஓசை வரும். வலப்பக்கம், அதாவது பல்சக்கரம் இருக்கும் பக்கம், கம்பி எல்லாம் மேல் ஸ்தாயியில் கத்தியது. இடப்பக்கம் கீழே முனகியது. கம்பெனிக்காரன் லட்சணம் இவ்வளவுதான். முப்பது வருஷம் கோயில் கொயரில் பேஸ், அதாவது கீழ்க்குரல், பாடியவன் இதைச் சகிப்பேனா? ஆர்மோனியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே மாதத்தில் இருபத்திநாலு கம்பியையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு சக்கரம் ஜெபத்தில் தலை சாய்த்த மாதிரி லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்ட பராமரிப்பு பெற்ற சக்கரம்தான் அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாணக்யபுரியில், ஏதோ ஒரு தேசத்தின் தூதரக வாசலில், பட், பட், பட் என்று மூன்று கம்பியை அறுத்துக்கொண்டு அப்பளமாக நொறுங்கியது. அந்தச் சத்தத்துக்கு மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியோடு இரண்டு பேர் எழுந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். உங்கள் தங்கை பாட்டுப் புத்தகத்தைத் தூக்கினாள். பக்கத்தில் வந்து பார்த்த காவல்காரன் சிரித்து, "அங்கிள்ஜி, டபுள் சவாரி? ஆண்ட்டிஜி கா வஸன் தோ தேக்கோ" என்றான். வஸன் என்றால் எடை, மச்சான். ஆண்ட்டியின் எடையைப் பார்க்கவேண்டாமா என்று கேட்கிறான். நான் அந்த இடத்தில் அவனுக்குக் கம்பி எண்ணிக்கையைப் பற்றி விளக்க ஆரம்பித்தேனே தவிர, அவன் சொன்னதை மறுக்கவில்லையாம். உங்கள் தங்கையின் முழு வழக்கும் இதுதான்.

"நாலு ஜனம் பாக்க ஒருத்தன் என்னயச் சொல்லுதான், நீங்க அவன்கிட்ட கம்பி கணக்கு சொல்லுதீய."

"நானும் உன் பக்கம்தான பேசினேன் புஷ்பம், குத்தம் கம்பிமேலன்னு."

"கம்பியவே கேரியர்ல வச்சுக் கூட்டிட்டுப் போங்க."

அன்றிலிருந்து அவள் சபைச் செயலாளர் அன்புவின் மனைவி பொன்னம்மாளின் காரில் போகிறாள். நான் தனியாக, ஹெலனின் பழைய லேடீஸ் சைக்கிளில், பின்னால் கேரியர் சும்மா கடகடவென்று அடிக்க, பின்னே போகிறேன். சிக்னலில் கார் என்னைத் தாண்டும்போது பொன்னம்மாள் கையாட்டுகிறாள். உங்கள் தங்கை முன்னால் பார்க்கிறாள். முப்பத்தெட்டு வருஷம் என் முதுகைப் பார்த்து வந்தவள், மச்சான். எனக்குப் பின்னால் யாரும் குறை சொல்லாமல் எனக்கு மிதிக்கவே வரவில்லை.

ஆகவே அவள் மறுபடி நம்பி உட்காரும்படி, கையால் கட்டிய சக்கரம் செய்வதென்று தீர்மானித்தேன். முனிர்காவில் ஒரு மொட்டைமாடியில் ஸ்வப்னா என்று ஒரு பெண் சக்கரம் கட்டுகிறாள். அப்பா அம்மா தஞ்சாவூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்தது இங்கே. தமிழ் பேசுவாள், ஆனால் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்த பாஷையில் முடிக்கமாட்டாள். நான் போனதும் பின் சக்கரத்துக்கு நாற்பது கம்பி வேண்டும் என்றேன்.

"அங்கிள், முப்பத்திரெண்டு பஸ், போதும். ரொம்ப மஜ்பூத்தா, ஸ்ட்ராங்கா இருக்கும்."

"லெந்து உபவாசம் எத்தனை நாள்?"

"க்யா?"

"நாற்பது. அந்தக் காலத்துச் சைக்கிள் பின்சக்கரத்துக்குக் கம்பி எத்தனை? நாற்பது. பெரியவங்க யோசிக்காம வைக்கல."

"அங்கிள், நீங்க ஹப் கொண்டு வாங்க, பாக்கலாம், தேக்தே ஹைன்."

நான் விடுவேனா. ஜண்டேவாலான் மார்க்கெட்டில் அலைந்து, நாற்பது துளை உள்ள ஒரு ஹப்பை, குத்துவிளக்குத் தண்டு மாதிரி கனமானது, கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அச்சா. இதுல டிஸ்க் எங்க உக்காரும், அங்கிள்?" என்றாள். மச்சான், அந்தப் பிரேக் தட்டை ஹப்பில் ஆறு திருகு போட்டு மாட்டவேண்டும். இந்த ஹப்பில் அதற்கு இடமே இல்லை. மேலும் பிரேக் பிடிக்கிற விசை முழுவதும் ஹப்பிலிருந்து கம்பி வழியாகத்தான் விளிம்புக்குப் போகும், அதனால் கம்பிகள் ஒன்றை ஒன்று மூன்று தடவை குறுக்கே வெட்டிப் போகவேண்டும், டிஸ்க்கும் மாட்டி நாற்பது துளையும் உள்ள ஹப் தேடினால் கிடைப்பது குதிரைக்கொம்பு என்றெல்லாம் சொன்னாள். இவை எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் வாதம். கடைசியில் முப்பத்தாறு. நாற்பதிலிருந்து நான் நாலு இறங்கினேன், முப்பத்திரண்டிலிருந்து அவள் நாலு ஏறினாள். சுமை வண்டிக்கும் தாங்கும் ஹப், இரட்டை விளிம்பு, பித்தளைத் திருகாணி. இது என் வெற்றி என்பதில் சந்தேகமில்லை.

அப்புறம் அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். மொத்தம் எத்தனை கிலோ ஏறும் என்று எழுதவேண்டுமாம். என்னுடையதை எழுதிவிட்டேன். உங்கள் தங்கையுடையதை நான் எங்கே போய்க் கேட்க? மறைமுகமாகக் கேட்டேன். "உன் சேலை எல்லாம் இப்ப ஒனக்குச் சரியா இருக்கா" என்றேன். அன்றைக்குக் காபியும் நின்றது.

இந்த நிலையில்தான் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. உங்களுக்குத் தெரியாததா, ஜனங்கள் கொண்டுவரும் வாழைத்தார், தேங்காய், கோழி எல்லாவற்றையும் எடைபோட்டு ஏலம் விடுவது. மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று, தரையோடு மேடை மாதிரி இருக்குமே, அதை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நான் தராசுப் பொறுப்பை வலிய வாங்கிக்கொண்டேன். அன்பு மைக்கில். உங்கள் தங்கை ஒரு பூசணிக்காயை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். நான் மரியாதையாக, "புஷ்பம், குனிஞ்சு வச்சா இடுப்பு பிடிக்கும், மேல ஏறி நின்னு வை" என்றேன். மேடை ஆடாமல் இருக்க அதன்மேல் என் ஒரு காலை ஊன்றிக்கொண்டேன். அவள் ஏறினாள். எண் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் கொஞ்சம் உரக்க வாசித்துவிட்டேன் போலிருக்கிறது. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற அன்பு அதை அப்படியே மைக்கில் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த காணிக்கை, தொண்ணூத்தேழு கிலோ. நல்ல உருப்படி. யார் கேக்கியோ?"

பின் வரிசையில் இரண்டு பேர் கேட்டும்விட்டார்கள். சபை முழுக்கச் சிரிப்பு. உங்கள் தங்கை பூசணியோடு மேடைமேல் நின்று என்னைப் பார்த்தாள். நான் ஏலம் கேட்டிருக்கவேண்டுமாம். கட்டின புருஷன் ஒரு வார்த்தை கேக்கலியே என்று இன்றுவரை பொன்னம்மாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மச்சான், நீங்களே சொல்லுங்கள், அளவு கண்ணில் பட்டதும் மறக்குமுன் எழுதிக்கொள்வதா, ஏலம் கேட்பதா? நான் தொண்ணூற்றேழு என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

சக்கரம் வியாழக்கிழமை வந்தது. பாறை மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு குறை: சுண்டிப் பார்த்தால் இதிலும் பல்சக்கரப் பக்கம் ஒரு சுருதி, டிஸ்க் பக்கம் ஒரு சுருதி. அந்தப் பெண்ணுக்குச் சங்கீத ஞானம் போதாது. அதை நானே திருத்தி ஒரே சுருதிக்குக் கொண்டுவந்துவிடுவேன். என் ஸ்போக் சாவியைத்தான் வியாழக்கிழமையிலிருந்து காணவில்லை. ஹெலன் எங்கேயோ வைத்திருக்கிறாள்.

இப்போது உங்களிடம் ஒரே விண்ணப்பம். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். போன் பண்ணி, பயமில்லாமல் கேரியரில் உட்காரச் சொல்லுங்கள். உங்கள் தங்கைக்குச் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் ஞானம் கேரியரோடு சரி. முப்பத்தாறு கம்பி, மூன்று குறுக்கு என்றால் அவளுக்கு விளங்காது. அண்ணன் சொன்னால் விளங்கும்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் வீட்டு வாசலையும் வண்டியையும் காப்பாராக.

இப்படிக்கு,
குற்றமற்றவனும் உங்கள் மைத்துனனுமான
இஸ்ரவேல்

பி.கு.: அண்ணனுக்கு மரியபுஷ்பம் எழுதுவது. இவுக சனிக்கிழமை தபால்ல போடச் சொல்லிக் கொடுத்த கடுதாசியப் பிரிச்சுப் படிச்சிட்டு இன்னைக்குத் திங்கட்கிழமைதான் போடுதேன். உடைஞ்ச சக்கரத்த நானே தூக்கிட்டுப் போய் அந்தப் பிள்ள ஸ்வப்னாகிட்ட காட்டினேன். அவ சுண்டிப் பாத்துட்டு, "ஆண்ட்டி, பின் சக்கரத்துல ரெண்டு பக்கமும் வேற வேற சத்தம்தான் வரணும், பல்சக்கரப் பக்கம் இறுக்கமா இருக்கணும். யாரோ எல்லாத்தையும் ஒரே சுருதி ஆக்கியிருக்காங்க, அதான் உடஞ்சது"ன்னு சொன்னா. யாருன்னு நான் சொல்லல. ஸ்போக் சாவி என் கைப்பையில இருக்கு, இனியும் அங்கதான் இருக்கும். அந்தத் தொண்ணூத்தேழுல பூசணி பதினெட்டு, இவுக ஊன்றின கால் எத்தனையோ. மீதி என்னன்னு ஸ்வப்னாவுக்கு மட்டும் தெரியும், அவ காகிதத்துல அதத்தான் எழுதியிருக்கு. சைக்கிள் சீட்டையும் என் உயரத்துக்கு அவகிட்ட சொல்லி இறக்கி வாங்கிட்டேன். நர்ஸ் படிக்கையில நம்ம ஊரு ஹைகிரவுண்டு மைதானத்துல நீங்க எனக்குச் சைக்கிள் சொல்லித் தந்தத இவுக முப்பத்தெட்டு வருஷமாக் கேக்கவுமில்ல, நான் சொல்லவுமில்ல. நேத்து சாணக்யபுரி வழியா நான்தான் ஓட்டினேன். இவுக கேரியர்ல. சக்கரம் மூச்சுக்கூட விடல. அந்தக் காவல்காரன் எழுந்து சல்யூட் அடிச்சான். பின்னால இருந்து கோயில் வாசல் வரைக்கும் எனக்குப் புத்திமதி சொல்லிக்கிட்டே வந்தாவ அண்ணே, ரொம்ப சந்தோஷமா இருந்தாவ.