நான் கிளப்பிய வெள்ளம்

ஒரு தெருவையே பொய்ச் செய்தி சொல்லி ஊரோரப் பாறைக்குன்றான கரட்டில் ஏற்றியவள் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்பதாகவும் இல்லை. (அன்றைக்கு ஏறியதில்தான் முட்டிவலி வந்தது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லட்டும்.)

அப்போது எனக்கு இருபது வயது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தேவதானப்பட்டியிலிருந்து மார்க்கையன்கோட்டைக்கு, குருசாமி அண்ணன் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தேன். நோயாளி அவருடைய அக்கா நாகம்மாள். மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருபது வருஷம் புருஷனோடு இருந்துவிட்டு, அவர் போனபின் தம்பி வீட்டுக்கு வந்தவர். வந்த மறுமாதமே வாதம் அடித்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிப் பேச்சும் நின்றுவிட்டது. எட்டு மாதமாக ஒரு சொல் கிடையாது.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, தலை வாரிவிடுவது எல்லாம் என் பொறுப்பு. இந்த வேலையில் என்னைப்போல் கெட்டிக்காரி கம்பம் வரைக்கும் தேடினாலும் கிடைக்கமாட்டாள் என்பது என் எண்ணம். (வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.)

அக்காவுக்குப் புத்தியும் போய்விட்டது என்று குருசாமி அண்ணன் முடிவு கட்டியிருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. சோற்றில் உப்புக் குறைந்தால் அக்கா என் மேலேயே துப்புவார். வகிடு கோணினால் இடது கையால் சீப்பைப் பிடுங்கி வீசுவார். புத்தி இல்லாதவர் வகிட்டுக்குச் சண்டை போடுவாரா?

அந்த வாரம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"பேச்சி, வெள்ளிக்கிழம வண்டி கட்டுறோம். அக்காவ வெளியூரு மடத்துல விட்டுட்டு வந்துருவோம். துணிமணிய எடுத்து வையி."

"எதுக்குண்ணே? அவுகளுக்கு எல்லாம் வெளங்குது."

"வெளங்குனா ஒரு வார்த்த பேசியிருப்பாகல்ல?"

"பேச்சு வேற, புத்தி வேறண்ணே."

அடுப்படியிலிருந்து மதினி குரல் கொடுத்தார்: "ஒனக்கு அந்த ரெண்டுல ஒண்ணுதான இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் அன்றிரவு சாப்பிடவில்லை. (மறுநாள் காலையில் சேர்த்துச் சாப்பிட்டேன்.) அக்காவின் வாயிலிருந்து எப்படியாவது ஒரு சொல்லை வரவழைத்துவிட வேண்டும் என்று அவர் முன்னால் உட்கார்ந்து "ஆத்தா சொல்லுங்க, அம்மா சொல்லுங்க" என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், எங்கள் இருவரில் யாருக்குப் புத்தி இல்லை என்று அவர் நினைக்கிறார் என்பது நன்றாகத் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம். மலையில் மூன்று நாளாக மழை. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. உப்புக் குறைந்தது என்று துப்பு வாங்கக்கூடாதென்று கருவாட்டுக் குழம்பில் ஒரு கை கூடவே போட்டிருந்தேன். அக்கா நாலு வாய் சாப்பிட்டார். திடீரென்று இடது கையைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் காட்டி, கோணிய வாயால் தெளிவாகச் சொன்னார்:

"வெள்ளம்!"

கொல்லை வாசலில் தண்ணீர்ப்பானை இருந்தது. அதற்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் ஆறு. பானை என் கண்ணில் படவே இல்லை. எட்டு மாதம் பேசாதவர் வாய் திறந்தால் அது சாதாரணச் செய்தியாகவா இருக்கும்? தெருவுக்கு ஓடினேன்.

"வெள்ளம் வந்திருச்சு! எல்லாரும் கரட்டுக்கு ஓடுங்க!"

என் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். அன்றைக்குச் சின்னமனூரிலும் நாலு பேர் ஓடியிருந்தால் ஆச்சரியமில்லை. குருசாமி அண்ணன் இரண்டு காளைகளையும் அவிழ்த்துக்கொண்டு ஓடினார். மதினி விதைநெல் மூட்டையோடு ஓடினார். எதிர்வீட்டுக்காரர் எதை எடுப்பது என்று தெரியாமல் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அக்காவை முதுகில் ஏற்றி, சேலையால் இடுப்போடு கட்டிக்கொண்டு ஏறினேன். அக்கா ஒன்றும் ஒல்லி இல்லை. பாதிக் கரட்டிலேயே என் உயிர் பாதி போய்விட்டது.

உச்சியில் நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஆறு கரைக்குள் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. துணி துவைக்கிறவர்கள் கூடத் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருடி சொன்னது வெள்ளம்னு?" குருசாமி அண்ணன் கத்தினார்.

"அக்காதான் சொன்னாக."

கரடே சிரித்தது. "பேசாமக் கெடக்குறவுக சொன்னாகளாம்!" என்றார் மதினி.

அப்போது என் முதுகிலிருந்து மறுபடியும், முன்னைவிடக் கோபமாக: "வெள்ளம்!"

சிரிப்பு நின்றது. இரண்டு பேர் இன்னும் உயரமான பாறையைத் தேடினார்கள். குமுளியிலிருந்து ஏலக்காய்ச் சுமை இறக்கும் சின்னையா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே, அது மலையாளம்லே! மலைக்கு அங்கிட்டு தண்ணிக்கு அதான் பேரு. அந்தம்மா நாவறண்டு தண்ணி கேக்குறாக!"

தன் சுரைக்குடுக்கையை நீட்டினார். அக்கா அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். நான் கரைந்து போயிருக்க வேண்டும். ஆனால் வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக வந்தது.

"பாத்தீகளாண்ணே? தண்ணி வேணும்னு கேட்டு வாங்கிக் குடிக்கிறாக. இதுக்குப் பேரு புத்தி இல்லாமையா?" என்றேன். முதுகில் ஆள் இருந்ததால் குனிந்தபடியேதான் கேட்க முடிந்தது.

அண்ணன் பக்கத்தில் வந்தார். "அக்கா, என்னத் தெரியுதா?" என்றார். அக்கா அவரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த காளைகளின் கயிற்றைப் பார்த்தார். பிறகு வாயைக் கூட்டிச் சேர்த்து,

"போடா" என்றார்.

இதற்குச் சின்னையா தேவைப்படவில்லை. இரண்டு மொழியிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வெள்ளிக்கிழமை வண்டி கட்டவில்லை. அக்கா அந்த வீட்டிலேயே இன்னும் பதினோரு வருஷம் இருந்தார். முதலில் மலையாளமும் பிறகு தமிழுமாகத் திரும்பி வந்த பேச்சில் முக்கால்வாசி என்னைத் திட்டுவதற்கே செலவானது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது தாகம் எடுத்தால் "வெள்ளம்!" என்று கத்துவார்கள். பேரப்பிள்ளைகள் உடனே ஆளுக்கொரு கட்டிலில் ஏறி நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் சளைப்பதில்லை. "சரி, ஏறிட்டீக. கையில எதை எடுத்துட்டு ஏறுனீக?" என்று கேட்பேன்.

ஒவ்வொன்றும் கட்டிலிலிருந்து குதித்து வந்து என்னைத்தான் தூக்கப் பார்க்கும்.