தண்ணீர் அளவு சரி

டெமோ அளவுக்கு முகம் மாறாமல் பொய் சொல்லக்கூடிய ஆள் தஞ்சாவூர் ஜில்லாவில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அது பட்டப்பெயர்; எங்கள் இன்ஜினியரிங் காலேஜில் அவன் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. காய்ச்சல் என்று லீவு கேட்டால் வார்டன் முன்னால் நடுங்கியே காட்டுவான். வார்டன் தன் போர்வையைக் கொடுத்துவிட்டுப் போவார்.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு ரோல் நம்பர்படி பிரித்ததில் நாங்கள் மூன்று பேர் அவனோடு மாட்டினோம். வயலில் தண்ணீர் அதிகமானால் போனில் எச்சரிக்கும் ஆப். யோசித்தவன் டெமோ, செய்தவனும் டெமோ. நாங்கள் கேன்டீனிலிருந்து உற்சாகப்படுத்தினோம்.

ப்ராஜெக்ட் கைடு முன்னால் இயக்கிக் காட்ட வேண்டிய ரிவ்யூ அன்று காலையில் சென்சார் செத்துப்போனது. டெமோ அசரவில்லை. ஆப்பை எப்போது தொட்டாலும் ‘தண்ணீர் அளவு சரி’ என்றே காட்டும்படி புரோகிராமில் ஒரு வரி எழுதிச் சேர்த்தான். ரிவ்யூவுக்கு எல்லா டீமும் செய்கிற வேலைதான். வயலுக்குப் பதில் ஒரு பக்கெட்டில் சென்சாரை வைத்துத் தண்ணீரை நிரப்பிக் காட்டினான்.

“பக்கெட் வழியுதேப்பா” என்றார் கைடு மேடம்.

“சம்பாவுக்கு இவ்வளவு வேணும் மேடம்.”

மேடம் சென்னைக்காரர். தலையாட்டி மார்க் போட்டார்.

ஒரத்தநாட்டுப் பக்கம் அவன் அப்பா குத்தகைக்கு நெல் போட்டிருந்தார். மகனுடைய ஆப் தன் போனில் இருந்தே ஆக வேண்டும் என்றார். டெமோ வரப்போரம் புது சென்சாரை நட்டு, ஆப்பையும் ஏற்றிக்கொடுத்தான். ரிவ்யூவில் காட்டிய அதே ஆப். அந்த வரியை எடுக்க மறந்துவிட்டான்.

தை மாதம், அறுப்புக்கு மிஷின் சொல்லி வைத்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்பா பேராவூரணியில் ஒரு சாவு வீட்டில் இருந்தார். வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிடச் சொல்லிப் பக்கத்து வயல்காரரைப் போனில் கூப்பிடப் போனவர், ஆப்பைப் பார்த்தார். சரி என்றது. கூப்பிடாமலே விட்டுவிட்டார்.

நாங்கள் போனபோது பயிர் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்திருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: “ஆப்பு மேல தப்பில்ல தம்பி. மழைதான் ஜாஸ்தி.” டெமோவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கடைசி வாய்மொழித் தேர்வான வைவா வந்தது. எனக்கு வேலை உறுதியாகியிருந்தது. தேறினால்தான் சேர முடியும். “ஆப்புல பட்டனைத் தட்டிட்டு உக்காந்துருடா” என்று கெஞ்சினோம். வெளியூர் எக்ஸாமினர் “காட்டுப்பா” என்றார்.

“இது வேலை செய்யாது சார்.”

எந்த வைவாவிலும் எந்த மாணவனும் சொல்லியிராத வாக்கியம். எக்ஸாமினர் பேனாவை மூடினார். ரிவ்யூவில் செய்ததையும் வயல் போனதையும் டெமோ ஒன்றுவிடாமல் சொன்னான்.

“நாலு பேரும் சேந்துதான செஞ்சீங்க?”

“ஆப்பு, வயரிங், ரிப்போர்ட் எல்லாம் இவங்க செஞ்சது சார். ராத்திரி பகலா ஒழைச்சிருக்காங்க. அந்த ஒரு வரி மட்டும் நான் எழுதினது. இவங்களுக்குத் தெரியாது.”

அவன் முகம் மாறவே இல்லை. நாங்கள் தேறினோம். அவன் மட்டும் தேறாமல் அரியர் விழுந்தது. அன்றைக்கே அப்பாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டான். சித்திரை முழுக்க அவர் அவனோடு பேசவில்லை.

பிறகு அரியரை எழுதி முடித்தான். ஆனாலும் ஊரைவிட்டு நகரவில்லை. அப்பாவோடு நடவு, அறுப்பு என்று இருக்கிறான். டெல்டாவில் மழை என்று டிவியில் சொன்னால் எனக்கு இங்கே சென்னையில் இருப்புக்கொள்ளாது. “வயல்ல தண்ணி எப்படிடா நிக்குது?” என்று போன் போடுவேன்.

“இரு, பாத்துட்டு வந்து சொல்றேன்” என்று போனை வைக்காமலே இறங்கிப் போவான். அவன் சேற்றில் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் காத்திருப்பேன்.