சிவப்பு எழுத்தில் ஒரு வணக்கம்

குறை கண்டுபிடிக்கிற வேலையைக் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் ஒரு மனுஷியின் சுயரூபம் தெரியும். என்னுடையது வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. (எல்லாருக்கும். பெரிய திரையில்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா தறி நெய்கிறவர். நெய்த புடவையை முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போகும்போது சின்ன வயதில் நானும் கூடப் போவேன். முதலாளி அதை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, "இன்னாபா இது, இங்க கோடு விழுந்துருக்குது?" என்பார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பரம்பரையாகப் புடவைக்கு இந்தப் பக்கம் நின்ற குடும்பம். அந்தப் பக்கம் உட்கார எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அதற்குப் பெயர் கோட் ரிவ்யூ.

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்து "சரி" என்று சொன்னால்தான் அது மென்பொருளில் சேரும். எங்களுடையது கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற சின்ன கம்பெனி. மென்பொருளைக் கணினியில் ஏற்றும் இன்ஸ்டாலர் நடுவில் நின்றுபோனால் திரையில் வரவேண்டிய செய்திகளை, என்னைவிடச் சற்று சீனியரான பாலாஜி தமிழில் மாற்றி எழுதியிருந்தான். அதைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

"நல்லா பாரு மேகலா. உன்னைக் கன்ஃபர்ம் பண்றதைப் பத்தி அடுத்த வாரம் பேசணும்" என்றார் எங்கள் லீட் சுமதி மேடம்.

அவ்வளவுதான். எனக்குள்ளிருந்த முதலாளி எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

பாலாஜி எழுதியிருந்தது: "ஏற்றுவதில் சிறு தடங்கல். உரிமத்தைச் சரிபார்க்க இயலவில்லை. கணினியில் தேதி சரியாக உள்ளதா என்று பார்த்து, மீண்டும் முயலவும்."

நான் எழுதிய குறிப்புகள்: "சிறு தடங்கலா? இதென்ன கல்யாண வீடா? தோல்வி என்றால் தோல்வி, உரிமம் செல்லாது என்றால் செல்லாது, ஏற்றியதை அழித்தால் அழித்தோம் என்று எழுதவும்." அடுத்து: "தேதியா? இந்தக் காலத்தில் எந்தக் கணினியில் தேதி தப்பாக இருக்கும்? நீக்கவும்." எல்லாம் நல்லபடி முடிந்தால் வரவேண்டிய "வெற்றிகரமாக ஏற்றப்பட்டது, நல்வாழ்த்துகள்" என்ற வரியையும் விடவில்லை. "வாழ்த்து சொல்ல நாம் யார்? சுருக்கவும்."

பாலாஜி சண்டை போடவில்லை. "நீ சொன்னா சரிமா" என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். (சண்டை போடாதவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.)

அந்தப் புது இன்ஸ்டாலரை முதன்முதலாக ஏற்றப் போன இடம் பெரிய காஞ்சிபுரத்தில் தேவராஜ் என்பவர் தொடங்கவிருந்த பட்டுக்கடை. உள்ளூர்க்காரி என்பதால் என்னையே அனுப்பினார்கள். "இந்தக் கஸ்டமர் கைவிட்டுப் போகக்கூடாது" என்று மேடம் சொன்னதில் "போனா நீயும் போவ" என்பதும் எனக்குக் கேட்டது. அம்மாவும் கிளம்பிவிட்டார். "எம் பொண்ணு கம்ப்யூட்டர் ஏத்துறத நான் எப்பதான் பாக்குறது?"

ஆடி மாதம். ஆடியில் யாரும் புதுக்கடை தொடங்க மாட்டார்களே, இவர் முற்போக்கானவர் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி.

"ஆடியெல்லாம் பாக்காம ஆரம்பிக்கிறீங்களே சார், சூப்பர்" என்றேன்.

தேவராஜ் மர்மமாகச் சிரித்தார். சுவரில் தினசரி நாள்காட்டி இன்னும் ஆனியிலேயே நின்றிருந்தது. வேலை மும்முரத்தில் கிழிக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். படித்த பெண் இல்லையா, எல்லாவற்றுக்கும் காரணம் தெரியும்.

சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். கணினிக்குச் சந்தனப்பொட்டு, மல்லிகைச் சரம். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று சுவரிலிருந்த பெரிய டிவியோடு அதை இணைத்திருந்தார்கள். ஐயர் மணியடித்துக் கற்பூரம் காட்ட, நான் பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு ஓடியது. பாதியில் நின்றது. டிவி முழுக்கச் சிவப்பாக என் கைவண்ணம் ஒளிர்ந்தது:

"தோல்வி. உங்கள் உரிமம் செல்லாது. ஏற்றிய அனைத்தும் அழிக்கப்பட்டன."

மணி நின்றது. என் காதுக்குள் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

"இன்னாமா எழுதியிருக்குது?" அம்மா கேட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"வணக்கம்னு போட்டிருக்குதும்மா."

அம்மா பெருமையோடு திரும்பி, இடிந்துபோய் நின்ற மொத்தக் கூட்டத்துக்கும் அறிவித்தார்: "வணக்கம்னு போட்டிருக்குதுங்க!"

தேவராஜின் மனைவி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "எல்லாம் அழிஞ்சிடுச்சாமே! நல்ல நாளும் அதுவுமா இன்னாங்க இது?"

நான் மறுபடி அழுத்தினேன். மறுபடி தோல்வி, மறுபடி அழிவு. பக்கத்திலிருந்த மாம்பழ நிறப் புடவையை எடுத்து டிவியின் மேல் போட்டு மூடினேன். (பட்டு மெல்லியது. சிவப்பு இன்னும் அழகாகத் தெரிந்தது.) ஒரு மூலைக்குப் போய்ப் பாலாஜிக்குப் போன் செய்தேன்.

"லைசென்ஸ் செல்லாதுங்குது பாலாஜி! எனக்கு வேலை போயிடும். இன்னா பண்றது?"

"மெசேஜ்லயே ஒரு வரி இருந்துச்சே."

"எந்த வரி?"

"நீ தூக்கினது."

திரும்பி ஓடிவந்து கணினியின் மூலையைப் பார்த்தேன். அதிலும் தேதி ஆனியில் நின்றது. எங்கள் உரிமமோ இந்த வாரம்தான் தொடங்குகிறது. இன்னும் தொடங்காத உரிமத்தோடு எந்த இன்ஸ்டாலர் ஓடும்?

"சார், கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருக்குது."

"மெதுவா பேசுமா" என்று அருகில் வந்தார் தேவராஜ். "தப்பா இல்ல. நான்தான் மாத்தி வெச்சேன். ஆனிக் கடைசி முகூர்த்தத்துல பால் காய்ச்சியாச்சு. ஆசாரி ஷோகேஸ் வேலைய இழுத்துட்டாரு, ஆடி பொறந்துடுச்சு. ஊருக்குத்தான் ஆடி. என் கடைக்குள்ள இன்னும் ஆனிதான். முதல் பில்லு அந்தத் தேதியிலதான் வரணும்."

எந்தக் கணினியில் தேதி தப்பாக இருக்கும் என்று கேட்டவளுக்கு, மல்லிகைப்பூ சுற்றி பதில் வைத்திருந்தார்கள்.

"சரியான தேதி வெச்சாத்தான் ஏறும் சார்."

"அப்ப வேணாம்மா. ஆடித் தேதியில என் முதல் பில்லு வராது. உங்க மேடத்துக்குப் போன் போட்டுக் குடு, நான் பேசிக்கறேன்."

மேடம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான்கு வருடம் படித்த பொறியியல் என்னைவிட்டு இறங்கிப் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு யாரோ புகுந்து பேசினார்கள்.

"சார், இன்னிக்கு ஆடி வெள்ளி! காமாட்சி இருக்கிற ஊர்ல அம்மன் மாசம் ஆகாதுன்னு யாரு சார் சொன்னது? அவளே பாத்துக் குடுத்த நாளு சார் இது!"

கல்யாண வீடா என்று பாலாஜியைக் கேட்ட அதே நான்.

"இதையேதான் நான் தலப்பாடா அடிச்சுக்கினேன்" என்று கணவர் பக்கம் திரும்பினார் தேவராஜின் மனைவி. "பொண்டாட்டி சொன்னா காதுல ஏறுனா தான? கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணே சொல்லுது பாருங்க!"

தேவராஜ் மனைவியைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார். ஐயர் கற்பூரத்தட்டைப் பார்த்தபடியே, "வெள்ளிக்கிழமை விசேஷம்தான்" என்றார். தேதி ஆடிக்கு வந்தது. நாள்காட்டியின் தாள்களைத் தேவராஜ் கொத்தாகக் கிழித்தார். பச்சைக் கோடு இந்த முறை கடைசி வரை ஓடியது. எல்லாரும் கைகூப்பித் திரையைப் பார்க்க, நான் சுருக்கச் சொன்ன அந்த இன்னொரு வரி வந்து நின்றது:

"முடிந்தது."

"முடிஞ்சிதா?" என்றார் அந்த அம்மாள். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!"

முதல் பில் வந்து, கேசரி சாப்பிட்டபோது, திரையில் உண்மையில் என்ன இருந்தது என்பதை அம்மாவிடம் அந்த அம்மாளே சொல்லிவிட்டார். பக்கத்திலிருக்கிற எங்கள் ஊர் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் திட்டுக்குத் தயாரானேன். திடீரென்று தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னைப் படிக்க வெக்கலயேன்னு எங்கப்பாவ இத்தினி வருசம் திட்டிக்கினு இருந்தேன்மா. படிக்கத் தெரிஞ்சவங்க மூஞ்சியெல்லாம் இன்னிக்குப் பாத்தேன். அந்தக் கடையில சந்தோசமா நின்னது நான் ஒருத்திதான்."

திங்கட்கிழமை, நீக்கிய வரிகளையெல்லாம் மறுபடி சேர்த்து அனுப்பினேன். ரிவ்யூ செய்தவன் பாலாஜி. ஒரே ஒரு குறிப்பு போட்டிருந்தான்: "வாழ்த்து சொல்ல நாம் யார்?" பிறகு "சரி" சொல்லிவிட்டான். தேவராஜ் மேடத்திடம், "உங்க சாப்ட்வேர் சுமார்தான், பொண்ணுக்கு நல்ல தெய்வபக்தி" என்றாராம். அந்தச் சான்றிதழில்தான் என் வேலை நிரந்தரமானது.

வீட்டில் நிரந்தரமானது வேறு. கரண்ட் போனால், பால் பொங்கி வழிந்தால், தம்பி கணக்கில் கோட்டை விட்டால், யாரும் ஐயையோ என்பதில்லை. இன்று காலையும் தறியில் இழை அறுந்தது. அப்பா உள்ளிருந்து குரல் கொடுத்தார்:

"மேகலா, வணக்கம்மா!"