சீட்டுப் பெட்டியும் உப்புத் தீவும்

கடலோரத்தில் வெண்கோட்டம் என்றொரு நாடு இருந்தது. அங்கே மன்னரைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பார்கள். அதிகாரிகள் ஆள் பார்த்துத் தீர்ப்பளிப்பதாகக் குடிகள் புலம்பியதால், எல்லா மனுக்களையும் சீட்டாடித் தீர்க்க மன்னர் உத்தரவிட்டார். எடுத்த சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் அரசுத் தரப்பின் தொகையை முந்தினால் மனு ஏற்கப்படும்.

வஞ்சிக்கொடியிடம் ஒரே மனுதான் இருந்தது. மன்னருக்கு அவருடைய வாக்குறுதியை நினைவூட்டியதற்காக உப்புத் தீவுக்கு அனுப்பப்பட்ட கணவன் மாறன் திரும்பி வரவேண்டும். அடிப்பிடித்த சோறு அவனுக்குப் பிடிக்கும். இன்றும் சட்டியைச் சுரண்டித் தனியே எடுத்துவைப்பாள். பிறகு தானே தின்பாள்.

சீட்டாடும் மண்டபத்தில் நின்று பார்த்தே ஒன்றைக் கண்டுகொண்டாள். பதினேழு சேரும்வரை அரசுத் தரப்பு சீட்டு எடுத்தே ஆகவேண்டும். சின்னச் சீட்டுகள் தீர்ந்து பெரியவை மிஞ்சினால் அது இருபத்தொன்றைத் தாண்டிக் கவிழும்.

"நீங்க முன்னாடி போங்கண்ணே" என்றாள், வரிசையில் பின்னால் நின்றவரிடம்.

"உன் முறைதானேம்மா?"

"சின்னச் சீட்டு இன்னும் நெறையக் கெடக்கு."

மற்றவர்களும் எண்ணக் கற்றார்கள், சிலர் ஜெயித்தார்கள். உடனே பெட்டியில் ஒரு சீட்டுக்கட்டுக்குப் பதில் ஆறு கட்டு வைத்தார்கள். அதையும் எண்ணினார்கள். பெட்டியில் பாதி தீர்ந்ததும் மறுபடி கலைக்க ஆணை வந்தது.

"நினைவாற்றல் உள்ளவர் கூடுதலாகப் பெறுவது சமத்துவத்துக்கு விரோதம்" என்றார் நீதி அமைச்சர்.

கடைசியில் இயந்திரம் வந்தது. ஆடிய சீட்டை அது அப்போதே விழுங்கி, மற்றவற்றோடு கலைத்தது. எது போனது, எது மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எண்ணுவோருக்கு உப்புத் தீவு என்று சட்டமும் வந்தது.

வஞ்சிக்கொடி ஆடினாள். தோற்றாள்.

"அடுத்த மாசம் வாம்மா. போனதை மறந்துட்டுப் புதுசா ஆடு" என்றார் எழுத்தர். "புருஷன் போயி எத்தனை நாளாச்சு?"

"ஏழு வருஷம், நாலு மாசம், ஒம்பது நாள்."

எழுத்தரின் பேனா நின்றது. "மெதுவாப் பேசு தாயி. எண்ணுறேன்னு தீவுக்கு அனுப்பிருவாங்க."

தீவு என்றதும் அவள் நிமிர்ந்தாள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "எண்ணுறேன்! இன்னைக்கு முப்பத்தேழு பேர் தோத்தாச்சு! எழுதிக்குங்கய்யா!"

தீவுக்குப் போகும் படகு எண்ணியவர்களால் நிறைந்திருந்தது. வெட்டாத கிணறுகளை எண்ணியவர் ஒருவர். ஒரே பள்ளிக்கு எத்தனை முறை அடிக்கல் நாட்டினார்கள் என்று எண்ணியவர் இன்னொருவர். மடியில் அடிச்சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த வஞ்சிக்கொடி, தீவின் வெண்மை தெரிந்ததும் எழுந்து நின்றாள்.

மறுவாரம் வெண்கோட்டத்தில் தேர்தல். மன்னர் பழைய வாக்குறுதியையே அளித்தார். முதன்முறை கேட்பதுபோல் கூட்டம் கைதட்டியது.