ஃபெர்மினின் சிலுவை

மண்வெட்டியோடு ஓடைக்கரைக்குப் போன யுசேபியோ திகைத்து நின்றான். அவன் நட்டுவைத்த குச்சிச் சிலுவையைச் சுற்றிலும் பிளாஸ்டிக் ரோஜாக்கள். எதிரே பக்கத்து வீட்டு லூதிவினா ஜெபமாலையோடு முழங்காலில் நின்றிருந்தாள்.

நியூ மெக்சிகோவின் அந்தப் பள்ளத்தாக்கில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் காட்டு ஹாப்ஸ் கொடிக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் ஆண் கொடி, பீருக்கு உதவாது. போன இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு பெண் கொடி அவன் கண்ணில் பட்டது. பனி போனதும் வேரைத் தோண்டி வீட்டில் நட வேண்டும். அடையாளத்துக்கு இரண்டு குச்சியைக் கட்டி வைத்தான். இந்த ஊரில் வழியோரம் சிலுவை இருந்தால் அங்கே யாரோ செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது அவன் மண்டையில் அன்று உறைக்கவில்லை. திருவிழாவில் காட்டுக் கொடி பீர் ஊற்றுவதாக ஊரெல்லாம் வேறு தம்பட்டம் அடித்திருந்தான்.

"யாரு தம்பி செத்தது? மண்வெட்டி எதுக்கு?"

உண்மையைச் சொன்னால் நாளைக்கு வேர் இருக்காது.

"என் சித்தப்பா பையன் ஃபெர்மின், அக்கா. குதிரை தள்ளிவிட்டுடுச்சு. புல்லு செதுக்கலாம்னு வந்தேன்."

"அடப் பாவமே!"

சாயங்காலம் வீடு நிறையத் துக்கம் விசாரிக்க ஆட்கள், அவர்கள் கொண்டுவந்த தமாலே பலகாரப் பாத்திரங்கள். மனைவி ரஃபேலா அவனை அடுக்களைக்குள் இழுத்தாள்.

"எனக்குத் தெரியாம யாருங்க அந்த ஃபெர்மின்?"

"தூரத்து சொந்தம்டி."

"சித்தப்பா பையன் தூரத்து சொந்தமா?"

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வந்து மந்திரித்தார். ஊரார் சுற்றிலும் கல் அடுக்கினார்கள். இனி அங்கே மண்வெட்டியோடு போனால் உதைதான்.

"நீ அழுது உடம்பைக் கெடுத்துக்காதே தம்பி. மண்ணு கொத்துறது, பூ மாத்துறது எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள் லூதிவினா.

ஒரு மாதம் பொறுத்தான். பிறகு பாதிரியாரிடம் ஓடினான்.

"ஃபெர்மின் கனவுல வந்து அழறான், சாமி. சிலுவையை மண்ணோட வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்றான்."

சாமி மனம் இளகினார். ஊரே கூடிப் பாட்டுப் பாட, யுசேபியோ பூவையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தோண்டினான். முழங்கால் ஆழம் போயிற்று. ஒரு சல்லிவேர்கூட இல்லை. குழிக்குள்ளேயே உட்கார்ந்து நிஜமாகவே அழுதான்.

"என்ன பாசம் பாரேன்!" என்று ஊரும் அழுதது.

லூதிவினா குனிந்து அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, காதோடு சொன்னாள்:

"அழாதே தம்பி. ஃபெர்மின் எங்க கோழிக்கூண்டு மேல ஜோரா படர்ந்திருக்கான். திருவிழாவுக்கு வா, ஒரு கிளாஸ் ஊத்தித் தர்றேன்."